நிரலில் இருந்து மெயில் அனுப்ப ஜிமெயில் சர்வர் எப்படி? சேலத்துக் கடை, ஏற்காட்டு விடுதிக் கணக்கில் ஒரு மதிப்பீடு

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்கான பில் மென்பொருள், லீ பஜார் மண்டிக்கான கணக்கு மென்பொருள், ஏற்காட்டுக் காட்டேஜுக்கான புக்கிங் தளம் என்று எதை எழுதினாலும் கடைசியில் ஒரு வேலை பாக்கி நிற்கும். பில்லோ ரசீதோ பார்ட்டிக்கு மெயிலில் போக வேண்டும். அதற்குச் சிறு நிறுவனங்கள் எடுப்பது பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்று: ஜிமெயிலின் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் நெறிமுறை) சர்வர், வெப்சைட் ஹோஸ்டிங்கோடு சேர்ந்து வரும் மெயில்பாக்ஸ், அமேசானின் எஸ்இஎஸ் என்ற மெயில் அனுப்பும் சேவை. மூன்றையும் விலையை வைத்தோ வேகத்தை வைத்தோ இங்கே எடைபோடவில்லை. ஒரு நாளைக்குப் பத்திருபது பில் அனுப்பும் கடைக்கு மூன்றுமே போதிய வேகம், மூன்றுமே மலிவு. மெயில் போகாத நாளில், ஏன் போகவில்லை என்று எந்தச் சர்வர் ஒழுங்காகச் சொல்கிறது என்பதுதான் இந்த மதிப்பீட்டின் அளவுகோல். அந்தக் கணக்கில் ஜிமெயிலுக்கு முதலிடம். ஆனால் அது ஓர் எல்லை வரைக்கும்தான்.

முதலில் அமைப்பு. சர்வர் பெயர் எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம். யூசர்நேம் என்ற இடத்தில் முழு மெயில் முகவரி வர வேண்டும், அட் குறிக்கு முந்திய பாதி மட்டும் போதாது. சர்வரின் நுழைவாயில் எண்ணான போர்ட் 465 அல்லது 587. தொல்லை பெரும்பாலும் இந்த இரண்டு எண்களில்தான் ஆரம்பிக்கிறது. 465-இல் இணைப்பு தொடங்கும் முதல் நொடியிலிருந்தே டிஎல்எஸ் என்ற மறையாக்கப் பூட்டு இருக்கும். 587-இல் இணைப்பு திறந்தபடி தொடங்கி, ஸ்டார்ட்டிஎல்எஸ் என்ற கட்டளைக்குப் பிறகுதான் பூட்டு விழும். போர்ட்டை ஒரு வகைக்கும் நிரலை இன்னொரு வகைக்கும் அமைத்துவிட்டால் இரண்டு விதமாக இடிக்கும். 587-க்குப் போய் எடுத்த எடுப்பில் டிஎல்எஸ் பேசினால் 'ராங் வெர்ஷன் நம்பர்' என்ற பிழை வரும். சர்வரின் அடையாளச் சான்றிதழ் பழசு, பூட்டுப் போடும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருள் பழசு என்று அதைப் பார்த்துப் பலர் கிளம்பிவிடுகிறார்கள். உண்மையில் சர்வர் அனுப்பிய 220 என்ற சாதாரண வாழ்த்து வரியை டிஎல்எஸ் தரவு என்று நினைத்துப் படித்ததால் வந்த பிழை அது. மாறாக, 465-க்குப் போய் பூட்டில்லாமல் காத்திருந்தால் பிழையே வராது. நிரல் 220-க்காகக் காத்திருக்கும், சர்வர் டிஎல்எஸ் தொடக்கத்துக்காகக் காத்திருக்கும். டைம்அவுட் ஆகும்வரை திரை உறைந்து நிற்கும். பிஎச்பி மொழியில் மெயில் அனுப்பும் நூலகமான பிஎச்பிமெயிலரில் இயல்பான டைம்அவுட் 300 நொடி. கல்லாவில் ஆள் நிற்கும்போது ஐந்து நிமிடம் திரை நின்றால் மென்பொருளே கெட்டுவிட்டது என்றுதான் கடைக்காரர் சொல்வார். அதை 15 அல்லது 20 நொடியாகக் குறைத்துவிடுவது நல்லது.

எந்த மொழியில் எப்படி என்றால்: பைத்தானின் எஸ்எம்டிபிலிப் நூலகத்தில் 465-க்கு எஸ்எம்டிபி_எஸ்எஸ்எல் என்ற வகுப்பு, 587-க்கு வெறும் எஸ்எம்டிபி வகுப்போடு ஸ்டார்ட்டிஎல்எஸ் அழைப்பு. அந்த அழைப்பை விட்டுவிட்டு நேராக லாகின் செய்தால், சர்வர் ஆத் (லாகின்) வசதியையே ஆதரிக்கவில்லை என்று பைத்தான் சொல்லும். பூட்டு விழும்முன் ஆத் வசதியை ஜிமெயில் அறிவிப்பதில்லை, அதனால் வரும் செய்தி அது. ஜாவாஸ்கிரிப்டுக்கான நோட்மெயிலர் நூலகத்தில் 'செக்யூர்' என்ற அமைப்பு 465-க்கு ட்ரூ, 587-க்கு ஃபால்ஸ். ஃபால்ஸ் என்று போட்டால் பாதுகாப்பு போய்விடுமோ என்று பயந்து 587-க்கும் ட்ரூ போடுபவர்கள் உண்டு. அது வேண்டாம். பூட்டு கண்டிப்பாக வேண்டுமென்றால் 'ரெக்வயர்டிஎல்எஸ்' என்ற தனி அமைப்பு இருக்கிறது.

போர்ட் 25-ஐ மறந்துவிடலாம். அது சர்வருக்கும் சர்வருக்கும் இடையில் மெயில் கைமாறும் வழி. ஸ்பேமைத் தடுக்க வீட்டு பிராட்பேண்டிலும் கிளவுட் சர்வர்களிலும் அதைப் பெரும்பாலும் மூடியே வைத்திருப்பார்கள். கூகுள் கிளவுடில் வெளியே போகும் 25 மூடியிருக்கும். அமேசானின் கிளவுட் சர்வரான இசி2-வில் கேட்டு வாங்கினால் திறப்பார்கள். டிஜிட்டல்ஓஷனின் டிராப்லெட் என்ற கிளவுட் சர்வர்களிலோ 465, 587 இரண்டையும்கூடத் தடுத்துவிடுகிறார்கள், அங்கே எவ்வளவு கோடிங் மாற்றினாலும் பயனில்லை. ஆகவே நிரலைத் தொடும்முன் போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். விண்டோஸ் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளைக்குச் சர்வர் பெயரையும் போர்ட்டையும் கொடுத்தால் போதும், டிசிபிடெஸ்ட்சக்ஸீடட் என்ற வரியில் ட்ரூவா ஃபால்ஸா என்று வந்துவிடும். ஃபால்ஸ் என்றால் பிழை நெட்வொர்க்கில் இருக்கிறது, பாஸ்வேர்டைக் குடைந்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அடுத்தது பாஸ்வேர்டு. சாதாரண ஜிமெயில் பாஸ்வேர்டை நிரலில் போட்டு அனுப்பும் காலம் 2022 மே 30-ஓடு முடிந்தது. இப்போது கூகுள் கணக்கில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை இயக்கி, நிரலுக்கென்று தனியாக ஆப் பாஸ்வேர்டு ஒன்றை உருவாக்க வேண்டும். 16 எழுத்து. நான்கு நான்காகப் பிரித்துக் காட்டுவார்கள், இடைவெளியை நீக்கி எழுதிக்கொள்ளலாம். ஒருமுறைதான் திரையில் தெரியும். இங்கே ஜிமெயிலின் பதில்கள் மிகத் தெளிவு. 534 5.7.9 வந்தால், கணக்குக்கு ஆப் பாஸ்வேர்டு தேவை, நீங்கள் கொடுத்தது சாதாரண பாஸ்வேர்டு. 535 5.7.8 வந்தால், யூசர்நேமோ பாஸ்வேர்டோ தப்பு. 530 வந்து ஸ்டார்ட்டிஎல்எஸ் பற்றிப் பேசினால் பூட்டைப் போடாமலே அடுத்த கட்டளைக்குப் போயிருக்கிறீர்கள். 454 வந்தால், குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறி லாகின் செய்கிறீர்கள். ஒவ்வொரு பில்லுக்கும் புதிதாக இணைப்பு போட்டு, லாகின் செய்து, மூடும் நிரல்களுக்கு இந்தக் கடைசிப் பிழை மாத முடிவில் வரும். பிஎச்பிமெயிலரின் எஸ்எம்டிபிகீப்அலைவ், நோட்மெயிலரின் பூல் இரண்டும் ஒரே இணைப்பில் பல மெயில்களை அனுப்ப உதவும்.

இதில் கடைகளை மாட்டிவிடும் விஷயம் ஒன்று உண்டு. கூகுள் கணக்கின் முதன்மைப் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டுகள் எல்லாம் ரத்தாகிவிடும். முதலாளி செல்போன் மாற்றும்போது பாஸ்வேர்டையும் மாற்றுவார். மறுநாள் காலையிலிருந்து பில் மென்பொருள் 535 சொல்லும். நிரலில் யாரும் கை வைக்கவில்லையே என்று தேடிக்கொண்டிருப்பார்கள். கடைக்கென்று தனி ஜிமெயில் கணக்கு வைத்து, முதலாளியின் சொந்தக் கணக்கைத் தொடாமல் விட்டால் இந்தப் பிரச்சினையே எழாது.

535 வந்ததும் அதைச் சொன்னது ஜிமெயில்தானா என்று பார்ப்பது முக்கியம். மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்குகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. வெளியே போகும் எஸ்எம்டிபி இணைப்புகளை எல்லாம் பிடித்துத் தங்கள் சொந்தச் சர்வருக்கே திருப்பிவிடுவார்கள். நிரல் ஜிமெயில் பெயரைக் கூப்பிடுகிறது, எடுப்பதோ ஹோஸ்டிங் கம்பெனியின் சர்வர். அதற்கு உங்கள் ஆப் பாஸ்வேர்டு தெரியாது, 535 என்று மறுத்துவிடும். கண்டுபிடிக்கும் வழி எளிது. உண்மையான ஜிமெயில் பதில் வரிகளின் முடிவில் ஜிஎஸ்எம்டிபி என்ற சொல் இருக்கும். 'இன்கரெக்ட் ஆத்தென்டிகேஷன் டேட்டா' என்ற வாசகம் வந்தால், அது சிபேனல் என்ற ஹோஸ்டிங் நிர்வாக மென்பொருள் உள்ள சர்வர்களில் ஓடும் எக்ஸிம் என்ற மெயில் மென்பொருள் பேசுவது. சான்றிதழில் இருக்கும் பெயர் ஜிமெயிலாக இல்லாமல் ஹோஸ்டிங் கம்பெனியின் பெயராக இருப்பதும் அதே அடையாளம். இந்த நிலையில் சான்றிதழ் சோதனையை அணைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று வெரிஃபை_பியர் அமைப்பை ஃபால்ஸ் ஆக்கச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கிறது. செய்யாதீர்கள். சோதனை அணைந்ததும் உங்கள் ஆப் பாஸ்வேர்டு நேராக அந்த இன்னொரு சர்வரின் கைக்குப் போகும். ஹோஸ்டிங் கம்பெனியிடம் கேட்டு இந்தத் திருப்பிவிடலை நீக்கச் சொல்வது, அல்லது அவர்கள் சர்வரையே முறையாகப் பயன்படுத்துவது, இரண்டில் ஒன்றுதான் வழி.

சர்வர் என்ன சொன்னது என்று பார்க்க உரையாடலை லாக்கில் எடுக்க வேண்டும். பிஎச்பிமெயிலரில் எஸ்எம்டிபிடீபக் 2, பைத்தானில் செட்_டீபக்லெவல் 1. லாக்கை யாருக்காவது வாட்ஸாப்பில் அனுப்பும்முன் ஆத் என்று தொடங்கும் வரிகளை அழித்துவிடுங்கள். பைத்தான் லாக்கில் அந்த வரியில் பாஸ்வேர்டு பேஸ்64 என்ற எழுத்துக் குறியீட்டு வடிவில் அப்படியே இருக்கும். பேஸ்64 பூட்டு அல்ல, யாரும் ஒரு நொடியில் திருப்பிப் படித்துவிடலாம்.

ஏற்காட்டு விடுதிகளுக்கு வேறு வகைத் தொல்லை. மே மாதக் கோடை விழா நேரத்தில் புக்கிங் குவியும், அதே நேரம் நெட் திணறும், மின்சாரமும் போய்வரும். வரவேற்பு மேசையில் இருக்கும் பழைய கணினியின் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் போய் வந்ததும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நிற்கும். உடனே டிஎல்எஸ் சான்றிதழ் 'இன்னும் அமலுக்கு வரவில்லை' என்ற பொருளில் பிழை வரும். பாஸ்வேர்டு சரி, போர்ட் சரி, ஆனாலும் மெயில் போகாது. கணினியின் தேதியைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். நாணய வடிவ சிஆர்2032 பேட்டரி ஒன்றை மாற்றினால் தீர்ந்தது.

நெட் திணறலுக்கு மருந்து நிரலின் அமைப்பிலேயே இருக்க வேண்டும். புக்கிங் பட்டனை அழுத்தியதும் அதே கணத்தில் மெயில் அனுப்பும் நிரல், நெட் போனால் புக்கிங்கையே தோற்கடித்துவிடும். புக்கிங்கை முதலில் தரவுத்தளத்தில் பதிந்து, மெயிலை ஒரு தனி அட்டவணையில் வரிசையில் போட்டு, வேறொரு சிறு நிரல் அதை எடுத்து அனுப்ப வேண்டும். திரும்பத் திரும்ப முயல்வதற்கு விதி உண்டு. 4 என்று தொடங்கும் பிழை தற்காலிகம்: 5 நிமிடம், 15 நிமிடம், ஒரு மணி நேரம் என்று இடைவெளியைக் கூட்டி முயலலாம். 5 என்று தொடங்கினால் நிரந்தரம்: அதே மெயிலை அப்படியே மறுபடி அனுப்புவதில் அர்த்தமில்லை, ஒரு மனிதர் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். டைம்அவுட் ஆன மெயிலில் மட்டும் ஒரு சிக்கல். மெயில் முழுதும் போய்ச் சேர்ந்து, 250 என்ற ஒப்புதல் வரும்முன் நெட் அறுந்திருந்தால், மறுமுயற்சியில் விருந்தாளிக்கு இரண்டு ரசீது போகும். இரண்டிலும் ஒரே மெசேஜ்-ஐடியும் (மெயிலின் அடையாளக் குறி) ஒரே புக்கிங் எண்ணும் இருக்கும்படி செய்தால் குழப்பம் குறையும்.

தமிழில் மெயில் அனுப்பும்போது வரும் பிழைகளுக்கு ஜிமெயிலைக் குறை சொல்ல முடியாது, எல்லாம் நிரல் பக்கத்துத் தப்புகள். பிஎச்பிமெயிலரின் இயல்பான எழுத்துக்குறி அமைப்பு ஐஎஸ்ஓ-8859-1, தமிழ் எழுத்துக்கு இடமில்லாதது. சார்செட் என்ற அந்த அமைப்பைத் தமிழுக்கும் இடமுள்ள யுடிஎஃப்-8 என்று மாற்றாமல் தமிழில் எழுதினால் பார்ட்டிக்குப் போவது வெறும் கிறுக்கல். உடல் பகுதி சரியாக இருந்து தலைப்பு மட்டும் கெட்டால், பழைய பிஎச்பி மெயில் ஃபங்ஷனில் தலைப்பை அப்படியே போட்டிருப்பார்கள். தலைப்பைப் பேஸ்64-ஆகக் குறியிட்டு, முன்னும் பின்னும் உரிய அடையாளங்களோடு அனுப்ப வேண்டும். அப்படிக் குறியிட்ட ஒரு துண்டு 75 எழுத்தைத் தாண்டக் கூடாது. யுடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். 'சேலம்' என்ற சொல்லில் ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என்று 5 குறியீடுகள், 15 பைட். அடையாளங்களுக்கு 12 எழுத்து போனால் ஒரு துண்டில் 45 பைட், அதாவது 15 குறியீடுகள்தான் பிடிக்கும். கையால் வெட்டும் நிரல்கள் ஒரு குறியீட்டின் நடுவில் வெட்டிவிட்டு, தலைப்பின் பாதியில் கட்டம் கட்டமாகக் காட்டும். நிரல் நூலகத்திடமே விட்டுவிடுங்கள், பைத்தானின் இமெயில்மெசேஜ் வகுப்பு இதை ஒழுங்காகச் செய்கிறது.

இணைப்புக் கோப்புக்கு ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி. பேஸ்64 ஆனபின் கோப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெருக்கும், அதற்கும் சேர்த்துத்தான் சர்வர் தன் வரம்பை 35882577 பைட் என்று அறிவிக்கிறது. ஆனால் பெறுகிற பக்கத்துச் சர்வர் 10 எம்பி என்று வைத்திருந்தால் 8 எம்பி கேட்டலாக் பிடிஎஃப்பே இடிக்கும். கொலுசு மாடல் படங்களை அனுப்புவோர் லிங்க் கொடுப்பதே மேல்.

இனி ஜிமெயில் எங்கே ஏமாற்றுகிறது என்று பார்க்கலாம். வாசலில் மறுக்கும்போது காரணத்தைச் சொல்லும் இந்தச் சர்வர், உள்ளே வாங்கிக்கொண்ட பிறகு நிரலிடம் எதுவும் சொல்வதில்லை. 250 என்பது 'வாங்கிக்கொண்டேன்' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. பார்ட்டியின் முகவரியில் ஓர் எழுத்து தப்பாக இருந்தாலும் 250 வரும். சற்று நேரத்தில் மெயிலர்-டீமன் பெயரில் அனுப்பிய கணக்கின் இன்பாக்ஸுக்கு ஒரு பவுன்ஸ், அதாவது மெயில் சேரவில்லை என்ற அறிவிப்பு, வந்து கிடக்கும். கடையில் அந்த இன்பாக்ஸை யாரும் திறக்க மாட்டார்கள், மென்பொருளோ பச்சை டிக் காட்டிக்கொண்டிருக்கும். ஐமேப் வழியாக அந்த இன்பாக்ஸைப் படித்து, பவுன்ஸ் வந்த பில்லைச் சிவப்பில் காட்டும் வசதியை மென்பொருளில் சேர்க்காமல் ஜிமெயிலை நம்புவது சரியல்ல.

அனுப்புநர் முகவரியிலும் கவனம் தேவை. கடையின் சொந்த டொமைன் முகவரியை ஃப்ரம் என்று போட்டாலும், அதை 'சென்ட் மெயில் ஆஸ்' பகுதியில் சரிபார்த்துச் சேர்க்காவிட்டால் ஜிமெயில் அதை அழித்துத் தன் முகவரியைப் போட்டுவிடும். சேர்த்தாலும், மெயில் எந்த டொமைனிலிருந்து வந்தது என்று காட்டும் டிகிம் என்ற டிஜிட்டல் கையெழுத்து ஜிமெயில் பெயரில்தான் விழும். ஃப்ரம் டொமைனோடு பொருந்தாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் விதியை உங்கள் டொமைனுக்குக் கடுமையாக வைத்திருந்தால் பொருந்தாமல் போகும். இலவச ஜிமெயில் வழியாக அனுப்பினால் ஜிமெயில் முகவரியையே காட்டுவது நேர்மையான வழி. புக்கிங் தளத்தின் விசாரணைப் படிவத்தில் விருந்தாளியின் முகவரியை ஃப்ரம்மில் போடும் வழக்கத்தையும் விட வேண்டும். ஃப்ரம்மில் விடுதியின் முகவரி, ரிப்ளை-டூவில் விருந்தாளியின் முகவரி. பதில் அனுப்பு என்று அழுத்தினால் சரியான ஆளுக்குப் போகும்.

வரம்பு: இலவசக் கணக்கில் ஒரு நாளைக்கு 500, கட்டண வொர்க்ஸ்பேஸில் 2000. தாண்டினால் 550 5.4.5 வரும், திறக்க 24 மணி நேரம்வரை ஆகலாம். அதுவரை அந்தக் கணக்கில் கையால் எழுதும் மெயிலும் போகாது. தீபாவளிக்கு எல்லாப் பார்ட்டிக்கும் வாழ்த்து அனுப்பி, அன்று மாலை பில் போகாமல் நிற்பது இப்படித்தான். பில்லுக்கும் விளம்பரத்துக்கும் ஒரே கணக்கைப் பயன்படுத்தவே கூடாது.

ஹோஸ்டிங் மெயில்பாக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சொந்த டொமைன் பெயரில் போகும், அது ஒன்றுதான் கவர்ச்சி. ஒரே ஐபி முகவரியை நூற்றுக்கணக்கான தளங்கள் பகிர்கின்றன. அதில் ஒரு தளம் ஹேக் ஆகி ஸ்பேம் கக்கினால், உங்கள் ஜவ்வரிசி இன்வாய்ஸும் அந்தப் பழியைச் சுமந்து ஸ்பேமில் விழும். மணிக்கு இத்தனை என்ற வரம்பு இருக்கும், அது எத்தனை என்று கேட்டால்தான் சொல்வார்கள். வேறு வழியில்லை என்றால் சர்வர் பெயராக மெயில் என்று தொடங்கும் உங்கள் டொமைன் பெயருக்குப் பதில், சான்றிதழில் உள்ள ஹோஸ்டிங் சர்வரின் பெயரையே போடுங்கள். பெயர் பொருந்தவில்லை என்ற பிழை அதோடு போய்விடும்.

ஒரு நாளைக்குச் சில நூறு மெயிலைத் தாண்டினாலோ, பவுன்ஸை நிரலே அறிய வேண்டும் என்றாலோ அமேசான் எஸ்இஎஸ். ஆயிரம் மெயிலுக்கு 10 சென்ட். மும்பையிலேயே மையம் இருக்கிறது. பவுன்ஸையும் புகாரையும் உங்கள் நிரலுக்கே அறிவிப்பாக அனுப்பும் என்பதால், ஜிமெயில் வாயை மூடிக்கொள்ளும் இடத்தில் இது பேசுகிறது. நுழைவுதான் கரடுமுரடு. தொடக்கத்தில் சாண்ட்பாக்ஸ் என்ற சோதனை நிலை: 24 மணி நேரத்தில் 200 மெயில், நொடிக்கு ஒன்று, அதுவும் நீங்கள் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். பார்ட்டிக்கு அனுப்பினால் முகவரி சரிபார்க்கப்படவில்லை என்று 554 வரும். அது பார்ட்டி முகவரியின் குற்றமில்லை, சாண்ட்பாக்ஸிலிருந்து வெளியே வர விண்ணப்பிக்க வேண்டும். யாருக்கு, எதற்காக, எவ்வளவு அனுப்புகிறீர்கள், பவுன்ஸை எப்படிக் கையாள்வீர்கள் என்று அதில் விளக்கமாக எழுத வேண்டும். மே சீசனுக்கு மாற நினைக்கும் ஏற்காட்டு விடுதி மார்ச்சிலேயே இதை முடித்துவிட வேண்டும். இன்னொரு பொறி: எஸ்எம்டிபி யூசர்நேமும் பாஸ்வேர்டும் அமேசானின் வழக்கமான ஆக்சஸ் கீ ஜோடி அல்ல, எஸ்இஎஸ் பக்கத்தில் தனியாக உருவாக்க வேண்டும், மும்பைக்கு உருவாக்கியது சிங்கப்பூருக்குச் செல்லாது. இரண்டையும் குழப்பினால் இங்கும் 535-தான். நெட் கொடுப்பவர் 587-ஐத் தடுத்தால் 2587 என்ற மாற்றுப் போர்ட் உண்டு, இது ஜிமெயிலில் இல்லாத சலுகை. பவுன்ஸ் 5 சதவீதத்தைத் தொட்டால் கணக்கைக் கண்காணிப்பில் வைப்பார்கள், ஆகவே பழைய பார்ட்டி லிஸ்டை அப்படியே கொட்டிவிடாதீர்கள்.

மாறும்போது நிரலில் மாறுவது சர்வர் பெயர், போர்ட், யூசர்நேம், பாஸ்வேர்டு, ஃப்ரம் முகவரி மட்டும்தான், அவற்றை நிரலுக்குள் எழுதாமல் தனி அமைப்புக் கோப்பில் வைத்திருந்தால். ஃப்ரம்மில் பழைய ஜிமெயில் முகவரியை விட்டுவைக்கக் கூடாது. ஜிமெயில் முகவரியைக் காட்டி வேறு சர்வர் வழியே அனுப்புவதை 2024 பிப்ரவரியில் அமலான கூகுள் விதிகள் தடுக்கின்றன. டொமைன் பெயர்ப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் அமேசான் தரும் மூன்று சிநேம் பதிவுகளைச் சேர்த்தால் டிகிம் முடிந்தது. உங்கள் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவைத் தொடும்போது, ஏற்கெனவே இருக்கும் வரியின் உள்ளேயே புதியதைச் சேர்க்க வேண்டும். ஒரு பெயருக்கு இரண்டு எஸ்பிஎஃப் வரிகள் இருந்தால் இரண்டுமே செல்லாது, உள்ளே நடக்கும் டிஎன்எஸ் தேடல்களும் 10-ஐத் தாண்டக் கூடாது. டிமார்க்கை முதலில், எதையும் தடுக்காமல் கவனிக்க மட்டும் செய்யும் 'பி=நன்' என்று வைத்து, அறிக்கைகள் வரும் முகவரியையும் கொடுத்து, சில வாரம் அவற்றைப் படித்த பிறகே, பொருந்தாத மெயிலை ஸ்பேமுக்குத் தள்ளும் குவாரன்டைனுக்கு ஏற்றுங்கள். அந்த அறிக்கைகளில், டேலியிலிருந்தோ பழைய இணையதளப் படிவத்திலிருந்தோ உங்கள் பெயரில் போய்க்கொண்டிருக்கும் மறந்துபோன மெயில்கள் தெரியவரும்.